அடிமையாய்ப் பிறந்து செனட்டரான பிளாஞ்ச் புரூஸ்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் இம்மலரில், கடல் கடந்த நாடொன்றில் வாழ்ந்து மறைந்த ஒரு பெருமகனாரின் வாழ்க்கையை நம் இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர் பெயர் பிளாஞ்ச் கெல்சோ புரூஸ். ஆடுமாடுகளைப் போல விற்கவும் வாங்கவும் தக்க உடைமையாகப் பிறந்தவர் அவர். அவரே பின்னாளில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேலவையாகிய செனட்டில் ஆறாண்டுக் காலமும் முழுமையாக அமர்ந்து பணியாற்றிய முதல் கறுப்பினத்தவர் ஆனார்.

நம்மவர் அல்லாத ஒருவரின் வரலாறு நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நம் முன்னோடிகள் அவ்வாறு கேட்கவில்லை. மகாத்மா ஜோதிராவ் பூலே 1873-ஆம் ஆண்டு வெளியிட்ட குலாம்கிரி என்னும் நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1946-இல் அவர் கறுப்பின அறிஞர் டூபாய்ஸ் அவர்களுக்கு மடல் எழுதி, அம்மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த முறையீட்டின் படிகளைக் கேட்டார். அவர்தம் போராட்டத்திலிருந்து நாம் கற்க வேண்டியது உண்டு என்பதை இவ்விருவரும் உணர்ந்திருந்தனர். புரூஸ் அவர்களின் வாழ்க்கையில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. நாட்டின் உயர்ந்த அவையில் கிடைக்கும் இருக்கை, ஊரில் போடப்படும் வாக்குச் சீட்டின் மேல்தான் நிற்கிறது என்பதே அப்பாடம்.

பிறப்பும் இளமையும்

1841-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள், வர்ஜினியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டத்தில், ஃபார்ம்வில் என்னும் ஊருக்கு அருகே புரூஸ் பிறந்தார். தாயார் பாலி ஓர் அடிமைப் பெண். தந்தையோ அத்தாயை உடைமையாகக் கொண்டிருந்த வெள்ளை நிலக்கிழார். தாய் அடிமையாயின் குழந்தையும் அடிமையே என்பது அக்காலச் சட்டம். எனவே, தந்தையின் வீட்டிலேயே மகன் அடிமையாக வளர்ந்தான்.

அடிமைகளைக் கூட்டி வைத்து எழுத்தறிவிப்பதை வர்ஜினியாவின் சட்டம் தடை செய்திருந்தது. எனினும் புரூஸுக்கு ஒரு வாய்ப்பு நேர்ந்தது. நிலக்கிழாரின் முறையான மகனுக்குப் பாடம் சொல்ல வந்த ஆசிரியரிடம், உடனிருந்து ஊழியம் செய்த இச்சிறுவனும் எழுத்தும் எண்ணும் கற்றான். பிறகு அக்குடும்பம் மேற்கே மிசௌரி மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தபோது, பிரன்ஸ்விக் என்னும் ஊரில் அச்சகத்தில் சேர்ந்து அச்சுக் கோக்கும் தொழிலையும் பழகினான். பிறர் தர மறுத்த கல்வியைக் கிடைத்த இடுக்கிலெல்லாம் பற்றிக்கொண்ட இளமை அது.

1861-இல் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. இருபது வயது இளைஞரான புரூஸ், அடிமைத்தளையை உதறிவிட்டு, அடிமை முறைக்கு இடமளிக்காத கான்சஸ் மாநிலத்துக்குத் தப்பிச் சென்றார். அங்கே லாரன்ஸ் என்னும் நகரில் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஆசிரியரானார். 1863 ஆகஸ்டு 21-ஆம் நாள் தென்னவர் தரப்புக் கொள்ளைப் படையொன்று அந்நகரைத் தாக்கி, ஆண்களும் சிறுவருமாக ஏறத்தாழ 150 பேரைக் கொன்று குவித்தது. புரூஸ் உயிர் பிழைத்தார். பிழைத்தவர் அஞ்சி ஒடுங்கிவிடவில்லை. மிசௌரிக்குத் திரும்பி, ஹானிபல் என்னும் ஊரில் கறுப்பினக் குழந்தைகளுக்காகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னர் மிசிசிப்பி ஆற்றில் ஓடிய நீராவிக் கப்பல்களில் சுமை தூக்கியும் பிழைத்தார். 1869-இல், கையில் பொருளேதும் இன்றி, மிசிசிப்பி மாநிலத்தில் வந்து இறங்கினார்.

மிசிசிப்பியில் விடிந்த விடியல்

அது விடியற்காலம். 1865-இல் அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868-இல் 14-ஆவது திருத்தம் குடியுரிமை தந்தது. 1870-இல் 15-ஆவது திருத்தம், இனத்தையும் நிறத்தையும் முன்னைய அடிமை நிலையையும் காரணமாகக் காட்டி வாக்குரிமையை மறுக்கலாகாது என்றது. மிசிசிப்பி மாநில மக்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர். நேற்றுவரை பருத்திக் காட்டில் சாட்டையடி பட்டவர்கள் இன்று வாக்குச் சாவடியில் வரிசையாக நின்றனர்.

புரூஸ் முதலில் மாநில மேலவையின் காவல் அலுவலராகப் பணி பெற்றார். அடுத்துப் பொலிவர் மாவட்டத்தில் ஷெரீப் என்னும் சட்டம் ஒழுங்கு அலுவலராகவும், வரி வசூலிப்பவராகவும், பள்ளிகளின் கண்காணிப்பாளராகவும் உயர்ந்தார். இம்மூன்று பொறுப்புகளிலும் அவர் கணக்கில் நேர்மையும் பேச்சில் நிதானமும் உடையவர் என்று பெயர் பெற்றார். கறுப்பினக் குழந்தைகளுக்கென நிறுவப்பட்ட பள்ளிகளுக்கு வெள்ளை நிலக்கிழார்களும் வரி செலுத்தும் நிலையை ஏற்படுத்தியது எளிய செயலன்று. ஈட்டிய பொருளைக்கொண்டு நிலம் வாங்கித் தாமும் ஒரு நிலக்கிழார் ஆனார். 1874 பிப்ரவரியில் மிசிசிப்பி மாநிலச் சட்டமன்றம் அவரை ஐக்கிய நாடுகளின் செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தது. பூலே தம் நூலைக் காணிக்கையாக்கிய மறு ஆண்டு அது.

செனட் என்பது யாது?

இவ்விடத்தில் செனட்டின் இயல்பை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. 1787-இல் ஃபிலடெல்ஃபியா நகரில் அமெரிக்க அரசியலமைப்பு வகுக்கப்பட்டபோது பெரிய வழக்கு ஒன்று எழுந்தது. மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரதிநிதிகள் வேண்டுமென்றன பெரிய மாநிலங்கள். மாநிலங்கள் அனைத்தும் சமமே என்றன சிறிய மாநிலங்கள். முடிவில் இரண்டு அவைகள் அமைந்தன. மக்கள்தொகைப்படி அமைவது பிரதிநிதிகள் சபை. மாநிலத்துக்கு இருவர் என்று சமமாக அமைவது செனட். 1870-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நியூயார்க்கில் 43 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்தனர். நெவாடாவில் ஏறத்தாழ 42 ஆயிரம் பேரே இருந்தனர். ஆயினும் இரண்டுக்கும் செனட்டில் இரண்டிரண்டு இடங்களே. புரூஸ் நுழைந்தபோது மாநிலங்கள் 37. எனவே செனட்டர்கள் 74.

செனட்டரின் பதவிக் காலம் ஆறாண்டு. இரண்டாண்டுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவர். அவை முழுவதும் ஒருசேரக் கலைவதில்லை. குடியரசுத் தலைவர் நியமிக்கும் அமைச்சர்கள், தூதுவர்கள், நடுவர்கள் ஆகியோருக்கு செனட்டின் இசைவு வேண்டும். அயல்நாட்டு உடன்படிக்கைகளுக்கு, வந்திருக்கும் உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினரின் ஒப்புதல் வேண்டும். குடியரசுத் தலைவர் மீதே குற்றச்சாட்டு வரினும் அதை விசாரித்துத் தீர்ப்பளிப்பது செனட்டே. தன் உறுப்பினர் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாரா என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும் அதற்கே உண்டு.

இவ்வளவு அதிகாரம் உடைய செனட்டரை அந்நாளில் மக்கள் நேரே தேர்ந்தெடுக்கவில்லை. மாநிலச் சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது. 1913-இல் வந்த 17-ஆவது திருத்தமே நேரடித் தேர்தலைக் கொணர்ந்தது. ஆகவே, மாநிலச் சட்டமன்றம் யார் கையில் இருக்கிறதோ, செனட்டின் இருக்கையும் அவர் கையிலேயே இருந்தது. இக்கருத்தை நம் இளைஞர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். புரூஸின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் விளக்கும் திறவுகோல் இதுவே.

அவைக்குள் நுழைந்த நாள்

புரூஸுக்கு முன்னரே ஒருவர் அவ்வாயிலைத் திறந்திருந்தார். அவர் ஹைரம் ரெவல்ஸ். அவரும் மிசிசிப்பியின் பிரதிநிதியே. ஒன்பது ஆண்டுகளேனும் குடிமகனாக இருந்தவரே செனட்டர் ஆகலாம் என்பது விதி. கறுப்பினத்தவர் குடிமக்கள் ஆகார் என்று 1857-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்ததைக் காட்டி, ரெவல்ஸ் அண்மையில்தான் குடிமகன் ஆனார் என்று எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர். செனட் அவ்வாதத்தை 48-க்கு 8 என்னும் வாக்குகளால் தள்ளியது. 1870 பிப்ரவரி 25-ஆம் நாள் அவர் உறுதிமொழி ஏற்றார். எஞ்சியிருந்த ஓராண்டுக் காலமே அவர் அவையில் இருந்தார்.

1875 மார்ச் 5-ஆம் நாள் புரூஸ் உறுதிமொழி ஏற்க வந்தார். புதிய உறுப்பினரை அதே மாநிலத்தின் மற்றோர் உறுப்பினர் உடன் அழைத்துச் செல்வது மரபு. மிசிசிப்பியின் மற்றோர் உறுப்பினரான ஆல்கார்ன் தம் இருக்கையை விட்டு எழவில்லை. புரூஸ் தனியே நடக்கத் தொடங்கினார். அப்போது நியூயார்க்கின் உறுப்பினர் ராஸ்கோ காங்க்ளிங் எழுந்து வந்து கைகோத்து அவரை அழைத்துச் சென்றார். புரூஸ் இந்நன்றியை மறக்கவில்லை. 1879-இல் பிறந்த தம் ஒரே மகனுக்கு ராஸ்கோ காங்க்ளிங் புரூஸ் என்று பெயர் சூட்டினார்.

ஆறாண்டுப் பணி

அவர் அவைக்கு வந்த ஆண்டிலேயே அவருடைய மாநிலத்தில் இருள் சூழத் தொடங்கியது. 1875-ஆம் ஆண்டு மிசிசிப்பித் தேர்தலில் துப்பாக்கி ஏந்திய வெள்ளையர் கூட்டங்கள் கறுப்பின வாக்காளரை அச்சுறுத்தின, பலரைக் கொன்றன. மாநில ஆளுநர் நடுவண் அரசிடம் படை கேட்டார், படை வரவில்லை. சட்டமன்றம் எதிர்ப்பாளர் கைக்கு மாறியது.

1876 மார்ச் 31-ஆம் நாள் புரூஸ் செனட்டில் எழுந்து, அத்தேர்தலை விசாரிக்க வேண்டும் என்னும் தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார். தம் மக்கள் சலுகை கேட்கவில்லை என்றும், சட்டம் தந்த உரிமையைச் சட்டமே காக்க வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை என்றும் அவர் எடுத்துரைத்தார். விசாரணைக் குழு அமைந்தது. வன்முறையும் மோசடியும் நடந்தன என்று அக்குழு அறிக்கையும் தந்தது. ஆயினும் பறிபோன தேர்தல் திரும்பி வரவில்லை. கூட்டாட்சியில் தேர்தலை நடத்துவது மாநிலம். உரிமையைக் காப்பது நடுவண் அரசு. இரண்டும் கைவிட்டால் குடிமகன் நடுத்தெருவில் நிற்கிறான்.

அதே மாதத்தில் மற்றொரு வழக்கும் முடிவுற்றது. லூசியானா மாநிலத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பின்ச்பேக் என்னும் கறுப்பினத் தலைவரை ஏற்பதா இல்லையா என்று செனட் மூன்றாண்டுகளாக இழுத்தடித்து வந்தது. அவருக்காகவும் புரூஸ் வாதாடினார். 32-க்கு 29 என்னும் வாக்குகளால் பின்ச்பேக் மறுக்கப்பட்டார். ரெவல்ஸுக்கு வாயிலைத் திறந்த அதே அதிகாரம், ஆறாண்டுகள் கழித்து வேறொருவருக்கு அதை அடைத்தது. அதிகாரம் ஒன்றே, அதைக் கையாளும் மனங்களும் காலமும் மாறிவிட்டன.

புரூஸ் தம் மக்களுக்காக மட்டும் பேசியவர் அல்லர். சீன மக்கள் அமெரிக்காவுக்குக் குடிவருவதைத் தடுக்கும் மசோதா 1879-இல் வந்தபோது அதை எதிர்த்தார். சில ஆண்டுகளுக்கு முன்வரை குடியுரிமைக்குத் தகுதியற்றோர் என்று ஒதுக்கப்பட்டிருந்த மக்களின் பிரதிநிதி என்னும் முறையில், அதை எதிர்த்து வாக்களிக்கப் போவதாக அறிவித்தார். அவ்விவாதம் நடந்த பிப்ரவரி 14-ஆம் நாள், அவைத் தலைவரின் நாற்காலியில் அமர்ந்து அவையை நடத்தும் பொறுப்பும் அவருக்கு வாய்த்தது. செனட்டுக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவரே. மறு ஆண்டில், மண்ணின் மைந்தரான செவ்விந்திய மக்களை அரசு நடத்தும் முறை வாக்குத் தவறியது என்றும், அவர்களையும் நிலமுடைய குடிமக்களாக ஏற்க வேண்டும் என்றும் வாதிட்டார். தம் காயத்தைக் கொண்டு பிறர் காயத்தை அறிந்தவர் அவர்.

சேமிப்பு வங்கியின் கதை

அவருடைய பணிகளுள் நம் போன்ற சங்கத்தார் குறிப்பாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. விடுதலை பெற்ற அடிமைகளுக்கென 1865-இல் அரசின் சாசனத்தோடு சேமிப்பு வங்கி ஒன்று தொடங்கப்பட்டது. கூலியாட்களும் சலவைப் பெண்களும் போர் வீரரும் சிறுகச் சிறுகச் சேர்த்ததை அதில் போட்டனர். அது அரசே நடத்தும் வங்கி என்று அவர்கள் நம்பினர். நிர்வாகிகளோ அப்பணத்தை ஈடின்றிப் பெருவணிகருக்குக் கடன் தந்தனர். 1874-இல் வங்கி வீழ்ந்தது. 61 ஆயிரம் பேருக்கு மேற்பட்டோரின் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் அதில் முடங்கியது.

1879-இல் இதை விசாரிக்க அமைந்த செனட் குழுவுக்குப் புரூஸ் தலைவரானார். செனட் குழுவொன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினத்தவரும் அவரே. அவர் முழங்கவில்லை, கணக்கேடுகளைப் பிரித்தார், சாட்சிகளை அழைத்தார், நிர்வாகிகளின் குற்றங்களை விரிவான அறிக்கையாக வெளியிட்டார். இழந்ததை அரசே ஈடு செய்ய வேண்டும் என்னும் முயற்சி ஈடேறவில்லை. சேமித்தவருள் மிகப் பலர் தம் பணத்தை முழுமையாகப் பெறாமலே மறைந்தனர். ஆயினும் நடந்தது இன்னது, செய்தவர் இன்னார் என்பது அழியாப் பதிவாயிற்று. மேடையில் பேசுவோர் பலர் கிடைப்பர். கணக்கேட்டைப் படித்துக் கேள்வி கேட்பவர் சிலரே. அத்தகையோரை உருவாக்குவதே கல்விச் சங்கங்களின் கடமை என்று நாம் கருதுகிறோம்.

இருக்கை பறிபோனது

புரூஸ் மீது குறை கூறியோரும் உண்டு. தலைநகரில் செல்வர் வாழ்க்கை வாழ்ந்தார், நிதானத்தை மிகுதியாகக் கைக்கொண்டார், பருத்திக் காட்டில் உழலும் ஏழை மக்களிடமிருந்து விலகிப் போனார் என்றனர். இக்குறையில் உண்மையே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். உயர்ந்தவர் எவரும் தாம் ஏறி வந்த படியை மறவாதிருத்தல் வேண்டும்.

ஆனால் அவருடைய இருக்கையைப் பறித்தது அக்குறையன்று. 1877-இல் தென் மாநிலங்களில் எஞ்சியிருந்த நடுவண் அரசின் படைப் பாதுகாப்பும் விலக்கிக்கொள்ளப்பட்டது. வாக்குச் சாவடிக்குச் செல்வதே உயிருக்கு ஊறு என்றாயிற்று. அவரைத் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் முன்பே மாறிவிட்டது. மீண்டும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு அவருக்கு இருக்கவில்லை. 1881 மார்ச்சில் அவர் இடத்தில் ஜேம்ஸ் ஜார்ஜ் என்பவர் அமர்ந்தார். 1890-இல் மிசிசிப்பி புதிய மாநில அரசியலமைப்பை வகுத்து, தலைவரியையும் எழுத்தறிவுச் சோதனையையும் கொண்டு கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்தது. அவ்வரசியலமைப்பை வகுத்தவருள் முதன்மையானவர் அதே ஜேம்ஸ் ஜார்ஜ்.

புரூஸுக்குப் பின் செனட்டில் கறுப்பின உறுப்பினர் ஒருவரைக் காண நாடு 86 ஆண்டுகள் காத்திருந்தது. 1966-இல் மாசச்சூசெட்ஸ் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்வர்ட் புரூக், 1967-இல் அவையில் அமர்ந்தார்.

பதவி முடிந்த அதே 1881-இல், குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு புரூஸைக் கருவூலப் பதிவாளராக நியமித்தார். அதனால் நாட்டின் பணத்தாள்களில் அவருடைய கையொப்பம் அச்சாயிற்று. ஒரு காலத்தில் இத்தனை டாலர் என்று விலை மதிக்கத்தக்க உடைமையாகப் பிறந்தவரின் கையொப்பம், பின்னாளில் டாலர் தாளிலேயே இடம்பெற்றது! 1878-இல் அவரை மணந்த ஜோசபின் அம்மையார் கிளீவ்லாந்து நகரில் ஆசிரியராக இருந்தவர். கணவர் மறைந்தபின் டஸ்கிகி கல்விக்கூடத்தில் பெண்கள் பகுதியின் தலைவியாகப் பணியாற்றியவர். 1897-இல் மீண்டும் கருவூலப் பதிவாளரான புரூஸ், 1898 மார்ச் 17-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் காலமானார். 2002-இல் செனட் மாளிகையில் அவருடைய உருவப்படம் திறந்து வைக்கப்பட்டது.

நமக்குரிய பாடம்

நம் நாட்டின் மாநிலங்களவையும் செனட்டைப் போன்றே ஆறாண்டுப் பதவிக் காலம் உடையது. இரண்டாண்டுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவர். அதன் உறுப்பினரை மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். ஆனால் மாநிலங்கள் அங்கே சமம் அல்ல. மக்கள்தொகையை ஒட்டியே இடங்கள் பகிரப்பட்டுள்ளன. தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள். மற்றொன்றையும் நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் நமக்குத் தனித் தொகுதிகள் உண்டு. மாநிலங்களவையில் அவ்வாறு ஒதுக்கீடு இல்லை. 1952-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தோல்வியுற்ற அண்ணல் அம்பேத்கர், அவ்வாண்டே பம்பாய்ச் சட்டமன்றத்தின் வாயிலாக மாநிலங்களவைக்குச் சென்று, 1956-இல் மறையும்வரை உறுப்பினராக இருந்தார். அவ்வவையின் கதவைத் திறக்கும் சாவி இன்றும் சட்டமன்றத்தில் இருக்கிறது. சட்டமன்றத்தின் சாவியோ நம் ஒவ்வொருவரின் வாக்கில் இருக்கிறது.

இறுதியாக ஒரு செய்தி. புரூஸ் பிறந்த பிரின்ஸ் எட்வர்டு மாவட்டத்தில், கறுப்பின மாணவரும் வெள்ளை மாணவரும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்ற நீதிமன்ற ஆணைக்குப் பணிய மறுத்து, 1959-இல் பொதுப் பள்ளிகள் அனைத்தையும் மூடிவிட்டனர். ஐந்தாண்டுகள் அவை திறக்கப்படவில்லை. அவர் பிறந்து நூறாண்டுக்கு மேலாகியும் அவர் மண்ணில் பிள்ளைகள் பள்ளிக்காக ஏங்கி நின்றனர். பள்ளியை மூடுகிறவனும் வாக்கைப் பறிக்கிறவனும் ஒருவனே என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது.

இளைஞர்களே! கால் நூற்றாண்டுக் காலமாக நம் சங்கம் ஏற்றி வைத்துள்ள விளக்கு உங்கள் கையில் தரப்படுகிறது. வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரும் பெற்றோர் பெயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சட்டத்தைப் படியுங்கள், கணக்கைப் படியுங்கள், அவை நடத்தும் முறையைப் படியுங்கள். உயர்ந்த இருக்கையில் ஒருவரை அமர்த்துவது பெருமை. அவரை அங்கே நிலைக்கச் செய்வது, ஊரில் விழிப்போடு நிற்கும் நம் எல்லோரின் கடமை. அக்கடமையை மேற்கொள்வோமாக!